வெளியே வழக்கு, உள்ளே உறவு



பெரிய கம்பெனிகள் ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொள்ளும் வழக்குகளைப் படித்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி, தென் கொரியாவின் ஸாம்ஸங் கம்பெனிமீது கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. தன் டெலிபோனைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டான் என்பது பிராது. எதைக் காப்பியடித்தானாம்? பல விஷயங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, நான்கு மூலையும் உருண்ட நீள்சதுர வடிவம்! நம் வீட்டுச் சோப்புக் கட்டியும் அந்த வடிவந்தான். அதைச் செய்தவன் பாவம், கோர்ட்டுக்குப் போகத் தெரியாதவன்.

2012 ஆகஸ்டில் ஜூரிகள், ஸாம்ஸங் 105 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறிற்று. திரும்பக் கீழே இறங்கிற்று. 2018 மே மாதத்தில் வேறு ஜூரிகள் 53.9 கோடி என்றார்கள். அடுத்த மாதமே இரு தரப்பும் ராஜியாகிவிட்டன. என்ன ராஜி என்று ஊருக்குச் சொல்லவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை: வழக்கு மும்முரமாக நடந்த நாட்களிலேயே ஆப்பிள் டெலிபோனுக்கு மூளையான 'சிப்'பைச் செய்துகொடுத்து வந்ததும் ஸாம்ஸங்தான். காலையில் கோர்ட்டிலே திருடன் என்பது, மாலையில் அவனிடமே சரக்கு வாங்குவது!

இந்தச் சண்டையை உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. அதே காலத்தில், அதே ஸான் ஹோஸே நகரத்து நீதிமன்றத்தில், அதே நீதிபதி லூஸி கோவின் முன்னால் இன்னொரு வழக்கும் நடந்தது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

அந்தத் தொழிலில் நல்ல இன்ஜினீயர் வேலை தேடி அலைவது குறைவு. அவர் ஒரு கம்பெனியில் இருக்கும்போதே, வேறு கம்பெனியின் ஆள் பிடிக்கும் சிப்பந்தி டெலிபோன் செய்வார். "உங்களுக்கு என்ன சம்பளம்? நாங்கள் இவ்வளவு தருகிறோம், வருகிறீர்களா?" என்பார். போகிறாரோ இல்லையோ, தன் உழைப்புக்குச் சந்தையில் என்ன விலை என்று அந்த ஒரு டெலிபோனிலே தெரிந்துகொள்வார். பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்வார். மறு மாதம் இருவரும் மானேஜர் முன்னால் நிற்பார்கள். தொழிற்சங்கம் இல்லாத அந்த ஊழியர்களுக்குச் சம்பளம் ஏறிய வழிகளில் இது முக்கியமானது.

அந்த டெலிபோன் மணியை நிறுத்திவிட்டால்? அதைத்தான் செய்தார்கள். ஒருவர் ஆளை ஒருவர் கூப்பிடுவதில்லை என்று கம்பெனிகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. லூகாஸ் பிலிம், பிக்ஸார் என்ற இரண்டு சினிமாக் கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஆள் தானாகவே வந்து கேட்டாலும், முதலில் சொன்ன சம்பளத்துக்கு மேல் ஏற்றிக் கொடுப்பதில்லை என்று ஏற்பாடு!

அமெரிக்க சர்க்காரின் நீதி இலாகா 2010-இல் இதைப் பிடித்தது. ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி, இன்ட்யூட், பிக்ஸார் என்று ஆறு பேர் செப்டம்பரிலும், லூகாஸ் பிலிம் டிசம்பரிலும் சிக்கினார்கள். தண்டனை? இனி அப்படிச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அபராதம் ஒரு டாலர்கூடக் கிடையாது. சைக்கிளில் விளக்கில்லாமல் போனவனுக்கு இந்தக் கருணை கிடைப்பதில்லை.

2011-இல் இன்ஜினீயர்கள் தாங்களே வழக்குத் தொடுத்தார்கள். அப்போதுதான் தஸ்தாவேஜுகள் வெளியே வந்தன. 2007 மார்ச்சில், கூகிளின் சிப்பந்தி ஒருவர் ஆப்பிள் இன்ஜினீயரை வேலைக்கு அழைத்திருக்கிறார். ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், கூகிள் தலைவர் எரிக் ஷ்மிட்டுக்குப் புகார் எழுதினார். இந்த ஷ்மிட் அப்போது ஆப்பிளின் டைரக்டர் சபையிலும் ஓர் அங்கத்தினர் என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சிப்பந்தி ஒரு மணி நேரத்துக்குள் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று கூகிளிலிருந்து பதில் வந்தது. ஜாப்ஸ் அதைத் தன் கம்பெனியின் சிப்பந்தி இலாகா அதிகாரிக்கு அனுப்பி வைத்தார். கூட அவர் எழுதியது ஒரு சிரித்த முகக் குறி, வேறொன்றும் இல்லை.

இன்னொரு கடிதத்தில் ஷ்மிட், இதையெல்லாம் வாயால் சொல்வதே நல்லது, எழுத்தில் இருந்தால் பிறகு வழக்கு வரலாம் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். எழுத்தில் இருக்கக் கூடாது என்பதையே எழுத்தில் வைத்த புத்திசாலி!

எல்லோரும் உடன்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாம் என்ற கம்பெனியின் தலைவர் எட்வர்ட் காலிகனிடமும் 2007-இல் ஜாப்ஸ் இதே ஏற்பாட்டைக் கேட்டார். இது நியாயமில்லை, சட்டத்துக்கும் விரோதமாக இருக்கும் என்று அவர் மறுத்துவிட்டார். மறுத்தால் பேட்டண்ட் வழக்கு வரும் என்ற மிரட்டல் வந்ததாக அவரே பிரமாண வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். தோழர்களே, பேட்டண்ட் எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள். புதிது கண்டுபிடித்தவனைக் காப்பாற்ற என்று செய்த சட்டம், தொழிலாளியின் சம்பளத்தை அமுக்கக் கூட்டாளி சேர்க்கும் தடியாகவும் ஆகிறது.

முதலாளிகள் கூலியை உயர்த்தாதிருக்க எப்போதும் ஓசையில்லாமல் கூடியிருக்கிறார்கள் என்ற கருத்தை 1776-இலேயே ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். அவரை நம் கட்சிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

வழக்கில் சேர்ந்தவர்கள் சுமார் 64,000 ஊழியர்கள். அவர்கள் தரப்பு நிபுணரின் கணக்கில் நஷ்டம் சுமார் 305 கோடி டாலர். அமெரிக்கச் சட்டப்படி ஜெயித்தால் அது மூன்று மடங்காகும். ஆனால் 2014-இல் விசாரணை தொடங்க இருந்த சமயத்தில், ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி நான்கும் 32.45 கோடிக்கு ராஜி பேசின. ஊழியர்களின் வக்கீல்களும் சரி என்றார்கள். வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு இன்ஜினீயர் மட்டும், இது போதாது, எங்களுக்கு விசாரணை வேண்டும் என்று நேரே நீதிபதிக்கே கடிதம் எழுதினார். தன் வக்கீலையே எதிர்த்து நிற்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆகஸ்டில் நீதிபதி அந்த ராஜியைத் தள்ளிவிட்டார்.

பிறகு 41.5 கோடிக்கு ஏறிற்று. 2015 செப்டம்பரில் ஒப்புதலும் கிடைத்தது. விசாரணை நடக்கவில்லை, ஜாப்ஸும் 2011-லேயே காலமாகிவிட்டார், மற்ற தலைவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. தலைக்குச் சுமார் 6,500 டாலர், அதிலும் வக்கீல் செலவு கழிய வேண்டும். அந்த ஆண்டு ஆப்பிள் ஒன்றின் நிகர லாபம் மட்டும் 5,340 கோடி டாலர். நாளுக்கு வகுத்துப் பாருங்கள், 14 கோடிக்கு மேல் வருகிறது. நான்கு கம்பெனிகள் சேர்ந்து கொடுத்த தொகை, அவற்றில் ஒரு கம்பெனியின் மூன்று நாள் லாபத்துக்குக் காணாது.