கண் போடும் கணக்கு



புள்ளியியல் படித்தவன் நான். அதனால் சராசரியைப் பற்றியே இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியலை வியாபாரி ஒரு பார்வைதான் பார்ப்பார். "மொட்டு சிறுசா இருக்கே" என்பார். ஒவ்வொரு மொட்டாவா பார்த்தார்? இல்லீங்க. குவியலின் சராசரியைக் கண்ணே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

1871-இல் ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், அவரை விதைகளைப் பெட்டிக்குள் வீசி, பார்த்த கணத்தில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். நான்கு வரை தவறே இல்லை. ஐந்திலிருந்து தடுமாற்றம். அதற்கு மேல் கண் எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறது. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பல அளவு வட்டங்களைச் சற்று நேரம் காட்டி மறைத்தார்கள். சராசரி அளவை நன்றாகவே சொன்னவர்களுக்கு, 'இந்த வட்டம் அதில் இருந்ததா?' என்றால் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் மனசுல நிக்குது, ஆள் நழுவிடுது!

இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி அல்ல. பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் நம் சமவெளிக்குப் பாய்கிறது. தண்ணீர் வந்த பருவத்தில் மேலூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால், "எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு" என்போம். கடைமடையில் காய்ந்த வயல் அந்தப் பேச்சில் வராது. அந்தக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் விளைச்சலையே கண்மதிப்பில் "பத்தணா", "பன்னிரண்டணா" என்றுதான் எழுதினார்கள். 1940-களில் சுகாத்மே, பான்சே போன்ற நம் புள்ளியியலாளர்கள், குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, அறுத்து, எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வளர்த்தார்கள். பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் அதில் கிடைப்பதும் சராசரியே. 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வறட்சி இழப்பீடு பெரும்பாலும் அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலைப் பொறுத்தது. சுற்றிலும் விளைந்து தன் வயல் மட்டும் கருகியவர் அந்தக் கணக்கில் காணாமல் போய்விடுகிறார்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை வேளாண்மை அதிகாரி ஆவீர்கள், சிலர் ஆசிரியர், சிலர் பேங்க் மேனேஜர். "இந்த பேட்ச் சுமார்", "அந்த ஊர்க்காரங்க கடனைக் கட்டமாட்டாங்க" என்று கண் ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிடும். கையெழுத்துப் போடும் முன் ஜீப்பை நிறுத்தி, வரப்பில் இறங்கி, கடைசி வயல் வரைக்கும் நடந்து பாருங்கள்.