கீச்சென்று கத்தும் பெல்ட்



பெங்களூரில் மழைக்கால விடியல். வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் வண்டியைக் கிளப்புகிறார். இன்ஜின் பக்கமிருந்து 'கீச்' என்று சத்தம். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. "குளிருக்குக் கத்துது" என்று சொல்லிவிட்டுச் சவாரிக்குப் போகிறார். பலரும் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள்.

கத்துவது ஆல்டர்னேட்டர் பெல்ட். ஃபேன் பெல்ட் என்றும் சொல்வார்கள். இன்ஜின் ஓடும்போது இந்த பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது. பேட்டரி நிறைகிறது.

தையல் மெஷினின் தோல் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். தளர்ந்தால் சக்கரத்தில் வழுக்கும். காரிலும் அதே கதைதான். வண்டி கிளம்பியதும், பேட்டரி இழந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திரும்ப ஏற்ற வேண்டும். அப்போது சுமை அதிகம். ஈரமும் சேர்ந்தால் தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கத்தும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போடுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். ஓடும் பெல்ட் அருகே கை, துண்டு, எதுவும் போகக் கூடாது. விரல் போய்விடும்.

இன்ஜின் ஆறியதும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பழைய வண்டிகளில் சுமார் 1 சென்டிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் போனால் தளர்ச்சி. மெக்கானிக் ஆல்டர்னேட்டரைச் சற்றுத் தள்ளி போல்ட்டை முறுக்குவார். மிகவும் இறுக்கினால் பேரிங் கெடும். புதிய வண்டிகள் பலவற்றில் பெல்ட்டை இறுக்கத் தனிக் கருவியே உண்டு. அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல் மின்னுகிறதா? வெடித்திருக்கிறதா? புது பெல்ட் போடுங்கள். சிலர் சோப்பு தேய்ப்பார்கள். சத்தம் நிற்கும், வழுக்கல் நிற்காது.

அம்பாசடர், மாருதி 800 போன்ற வண்டிகளில் தண்ணீர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அறுந்தால் பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும். இன்ஜின் கொதிக்கும். 'வீடு வரை போகலாம்' என்று நெரிசலில் ஓட்டினால் இன்ஜினே போய்விடும். உடனே ஓரம் கட்டுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

டவுன் ஹால் அருகே ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக உள்ளன. பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். அதன் முதுகில் எண் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் தரும் பெல்ட்டிலும் அதே எண் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். எண் மாறினால் நீளம் மாறலாம்.