நாடக முகவரும் ஓரிரவு ஒப்பந்தமும்

பாலக்காட்டிலும் இடுக்கி மலையோரங்களிலும் வாழும் தமிழருக்கு நாடகம் அயலான கலையன்று. எம்.ஜி. ராமச்சந்திரனின் தந்தை கோபால மேனன் பாலக்காட்டை அடுத்த வடவன்னூரைச் சேர்ந்தவரே. தந்தை மறைந்தபின் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. பிள்ளைகள் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டனர்.

அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் சோறிட்டன, பாட்டும் வசனமும் கற்பித்தன. சிறுவனின் குரலோ கம்பெனியின் உடைமைபோல ஆயிற்று. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேடமும் போய்விடும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் சிறுவர்களைக் கொண்டதே.

1922-இல் சுவாமிகள் மறைந்தார். அவருடைய நாடகங்களோ நடிகர் அனைவருக்கும் பொதுச்சொத்தாயின. 'வள்ளி திருமணம்' என்றால் இராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பபூனுக்கும் தத்தம் பகுதி மனப்பாடம். ஆகவே ஒருவர் புதுக்கோட்டையிலிருந்தும் இன்னொருவர் மதுரையிலிருந்தும் வந்து, ஒத்திகையின்றி அன்றிரவே மேடையேற முடிந்தது. கம்பெனி தேவையில்லாத இந்த ஏற்பாட்டுக்கே ஸ்பெஷல் நாடகம் என்று பெயர்.

இங்கேதான் முகவர் தோன்றுகிறார். மொழிபெயர்ப்பே தொழிலாகிய நாம் 'முகவர்' என்று எழுதினாலும், நாடகக்காரர் வாயில் அவர் 'ஏஜெண்ட்'தான்! கோயில் திருவிழாவுக்கு நாடகம் வேண்டும் ஊரார் அவரை நாடுவர். எந்த நடிகருக்கு எந்தத் தேதி ஒழிவு, யாரோடு யார் ஒத்துப் பாடுவார், ஆர்மோனியத்துக்கு யார் என்பதெல்லாம் அவர் அறிவார். முன்பணம் கைமாறியதும் தேதி உறுதியாகும்; நடிகர் பெயரும் ஊரும் நோட்டீசில் அச்சேறும். பெருமுதல் இல்லாத தொழில் இது. ஒருமுறை வாக்குத் தவறிய ஏஜெண்டை அடுத்த திருவிழாவுக்கு யார் தேடுவார்?

நடிகருக்கு இதனால் விடுதலை கிட்டியது உண்மை. ஆயினும் விடுதலைக்கு விலை உண்டன்றோ? மழை மாதங்களில் நாடகம் குறைவு. நோயுற்ற இரவுக்குக் கூலி இல்லை. கம்பெனி கொடுத்த அந்த ஒருவேளைச் சோற்றுக்கும் இப்போது உத்தரவாதமில்லை. நடிகர்கள் ஊர்தோறும் சங்கங்கள் அமைத்துக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

குமுளியிலிருந்து மலையிறங்கினால் கம்பம். அப்பால் தேனி வழியே மதுரை. இடுக்கித் தமிழர் நாடகம் வேண்டினால் நடிகர் வாழும் ஊர்கள் தொலைவில்லை. மும்பையிலும் தில்லியிலும் தமிழ்ச் சங்கம் நடத்தும் அன்பர்களுக்கோ வழி நீளம். அவர்கள் கலைஞரை அழைக்கும்போது, இராஜபார்ட்டின் தொகையை மட்டும் பேசி முடித்துவிடலாகாது. ஆர்மோனியக்காரரின் திரும்பும் இரயில் கட்டணமும், ஆட்டம் முடிந்த விடியலில் அனைவருக்குமான உணவும் யார் பொறுப்பு என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.