வெளிச்சம் யாருக்காக வைக்கப்படுகிறது?

(அவிநாசியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய சினிமாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமீபத்துத் தமிழ்ப் படங்களில் உங்களுக்குப் பிடித்த ஒளிப்பதிவைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள. நான் சினிமாக் கேமராவைத் தொட்டவனில்லை. கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு பேங்க் கவுண்டர். இந்த ஊரில் எனக்கு வாய்த்த கவுண்டர் அது ஒன்றுதான். (சிரிப்பு) ஆனால் அங்கேயும் ஒரு கேமரா இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புதுக் கணக்கு தொடங்க வருகிறவர்களை உட்கார வைத்து வெப்கேமராவில் படம் எடுக்க வேண்டும். ஒருநாள் நூறுநாள் வேலைக்குப் போகிற நம்ம தெரு அம்மா ஒருத்தர் வந்தார். பின்னால் வெள்ளைச் சுவர், அதில் ட்யூப்லைட். கேமரா அந்தச் சுவருக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. திரையில் வந்தது ஒரு கருப்புத் திட்டு, அதில் ரெண்டு கண். அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மூஞ்சி அவ்வளவுதானுங்க சார், போதும் உடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். பக்கவாட்டில் வந்த வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் வந்துவிட்டன. கோளாறு முகத்தில் இல்லை தோழர்களே. வெளிச்சம் யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

இது உலகம் முழுக்க நடந்த கதைதான். கோடாக் ஃபிலிமில் எடுத்த படத்தின் நிறத்தைச் சரிபார்க்க லேபுகளில் 'ஷெர்லி அட்டை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுப்பர்கள் முகம் இருட்டாக வந்தது பல பத்தாண்டுகளாக யாருக்கும் குறையாகப் படவில்லை. மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லெட் கம்பெனிகளும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள் என்கிறார்கள். மனிதனுக்கு இல்லாத மரியாதை மேசைக்குக் கிடைத்தது.

நம் சினிமாவிலும் ஒரு ஷெர்லி அட்டை உண்டு. கருத்த ஆண்கள் ஒருசிலர் நாயகர்களானார்கள், மறுக்கவில்லை. ஆனால் அழகு என்று கேமரா நின்று பார்த்ததெல்லாம் வெளுத்த தோலைத்தான். நம்ம நிறம் அடியாளுக்கும் காமெடிக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அதனால்தான் 'மெட்ராஸ்' (2014), 'காலா' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) படங்களில் முரளி ஜி. செய்ததைச் சாதனை என்கிறேன். உழைத்து வியர்த்த உடம்பை நம் சினிமா பரிதாபத்துக்காகவே காட்டி வந்தது. சார்பட்டாவின் குத்துச்சண்டை மேடையில் அதே வியர்வை, கருத்த தோலில் வெளிச்சத்தை வாங்கி மின்னுகிறது. அங்கே பரிதாபம் இல்லை, கம்பீரம்.

இரண்டாவது, 'பரியேறும் பெருமாள்' (2018). ஒளிப்பதிவு ஸ்ரீதர். கடைசிச் சட்டகத்தை நினைத்துப் பாருங்கள். ரெண்டு டீ டம்ளர், நடுவில் ஒரு பூ. வசனம் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு அது கவித்துவமான படிமம். நமக்கு அது வரலாறு. இந்தக் கொங்கு மண்ணில் நமக்குத் தனி டம்ளர் வைத்த டீக்கடைகளைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்த ரெண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே சட்டகத்தில் வைக்கத் தமிழ் சினிமாவுக்கு இத்தனை காலம் ஆயிற்று.

மூன்றாவது, கேமரா நிற்கிற உயரம். 'சின்னக் கவுண்டர்' (1992), 'நாட்டாமை' (1994) காலத்துப் படங்களில் பண்ணாடி உட்கார்ந்திருப்பார், கேமரா கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும். தரையில் கைகட்டி நிற்கிறவனின் பார்வையை நம் எல்லோருடைய பார்வையாகவும் ஆக்கிவிட்ட தந்திரம் அது. நாமும் விசிலடித்துப் பார்த்தோம். 2023இல் 'மாமன்னன்' வந்தது. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்பதுதான் கதையே. எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஆதிக்க சாதிக்காரன் முன்னால் உட்காராத அப்பனை, மகன் உட்காரச் சொல்கிறான். வடிவேலுவின் முகத்தில் கேமரா நிற்கிறது. இத்தனை வருசம் சிரிக்க மட்டுமே பார்த்த முகத்தில் எத்தனை தலைமுறைப் பயம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது.

அந்தப் படத்தில் அவர் கடைசியில் சபாநாயகர் ஆகிறார். நமக்கு அது கற்பனையில்லை. சபாநாயகராக இருந்த ப. தனபால் 2016இலும் 2021இலும் இந்த அவிநாசித் தனித் தொகுதியில் ஜெயித்தவர், அருந்ததியர். கட்சி அரசியலை விடுங்கள், நான் கேட்பது வேறு. கோட்டையில் நாற்காலி கிடைத்தது. ஊருக்குள் திண்ணை கிடைத்ததா? அந்தத் திண்ணையை எடுக்கிற கேமரா இன்னும் வரவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். நம்ம கதையைச் சொல்கிற படங்களிலும் வெளுத்த நடிகைக்குக் கருப்புச் சாயம் பூசி நிறுத்துவது நடக்கிறது. அந்த நிறத்திலேயே பிறந்த பெண்கள் எங்கே போனார்கள்? நான் சொன்ன ஒளிப்பதிவாளர்கள் எல்லாருமே ஆண்கள். நம்ம தெருப் பெண் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற நாள் எப்போது? இதைக் கேட்காமல் கைதட்டினால் அது வெறும் ரசிகர் மன்றம்.

அந்தம்மா கதையை முடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுல ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா சார்? ஊட்டுல எம்படம் ஒண்ணுகூட இல்லீங்க" என்று கேட்டார். பேங்க் விதியில் அதற்கு இடமில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்னைக்கு வரைக்கும் உறுத்துகிறது.

மாணவத் தோழர்களே, உங்கள் ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. முதல் படத்தை உங்கள் வீட்டிலிருந்து எடுங்கள். அம்மாவை ஜன்னலோரமாக உட்கார வையுங்கள். எடுத்ததைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

ஜெய்பீம்.