பென்சில் கோடாக இருக்கும்போதே கேளுங்கள்



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரியமுதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பி மேடேறினால் குயிலாப்பாளையம் வரும். வானூர் வட்டத்தின் செம்மண் மேட்டில் இருக்கும் ஊர். ஆரோவில்லுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கடைத்தெருவாகத்தான் அறிவார்கள். டீக்கடை, வாடகை ஸ்கூட்டர், விருந்தினர் விடுதி, கீழே கடையும் மேலே வாடகைக் குடித்தனமுமாக மாடிவீடுகள். அதற்குப் பின்னால் ஒரு பழைய ஊர் இருக்கிறது. தெரு, கோவில், மாட்டுக்கொட்டகை, இன்னும் விற்காத முந்திரித் தோப்பு.

இந்த ஊர் யாரோ வரைந்த ஒரு வட்டத்துக்குள் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே ஐம்பதாயிரம் பேருக்கான நகரத்தை விண்மீன் சுழல்போல வரைந்தார். தியான மண்டபமான மாத்ரிமந்திரை நடுவில் வைத்து 1.25 கிலோமீட்டர் ஆரத்துக்கு நகரம். அதைச் சுற்றி இன்னொரு 1.25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம். நகரத்துக்கு 491 ஹெக்டேர், வளையத்துக்கு 1,472 ஹெக்டேர். இந்தப் பெருந்திட்டத்துக்கு 2001இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது, 2010இல் அரசிதழில் வெளியானது. குயிலாப்பாளையம் அந்த வளையத்துக்குள் விழுகிறது. வரைபடத்தில் பச்சை நிறம். நேரில் பார்த்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற தெரு.

ஆரோவில்லுக்குள் குடியிருப்பவர்களுக்காவது சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 1988ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் ஆளுமைக் குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு என்று மூன்று அமைப்புகளை வைத்தது. பேரவையைக் கலந்து பெருந்திட்டத்தைத் தயாரிப்பது ஆளுமைக் குழுவின் பணிகளில் ஒன்று. அப்படியிருந்தும் 2021 டிசம்பரில் 'கிரவுன்' எனப்படும் வட்டச் சாலைக்காக ஜேசிபி வந்து மரங்களைச் சாய்த்தபோது, குடியிருப்பவர்களே இரண்டு பக்கமாக நின்றார்கள். திட்டத்தில் உள்ளதைக் கட்டித்தானே ஆக வேண்டும் என்றது ஒரு பக்கம். ஐம்பது ஆண்டில் வளர்ந்த காட்டையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கோட்டைக் கொஞ்சம் வளைக்கக் கூடாதா என்றது மறு பக்கம். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் மேற்கொண்டு கட்ட வேண்டாம் என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பாயம் சொன்னது. 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பில், பேரவையின் பங்கு ஆலோசனை சொல்வதுதான், முடிவெடுக்கும் அதிகாரம் ஆளுமைக் குழுவுக்கே என்றும் சொல்லிவிட்டது.

அதிகாரம் யாருக்கு என்பது தீர்ந்தது. கார்த்திகை மாதத்து மழையில் எந்தச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது தீர்ப்பில் வராது. அதைத் தெரிந்தவர் அந்தச் சந்தில் குடியிருப்பவர்.

என் கவலை அந்தச் சந்தைப் பற்றியது. ஆரோவில் சட்டத்தில் சுற்றுக் கிராமங்களுக்கென்று தனி இருக்கை கிடையாது. குயிலாப்பாளையத்துக்கும் இடையஞ்சாவடிக்கும் ஆலங்குப்பத்துக்கும் இருக்கிற மேடை கிராம சபைதான். ஆனால் ஊர் மாறுவது சபையில் அல்ல, மனை மனையாக மாறுகிறது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள், ஒரு பாகம் விலை போகிறது, கொட்டகை இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்புகிறது. பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. நாலு சென்ட், ஐந்து சென்ட்டாகப் பிரியும்போது அந்த விதி எட்டாது. கடைசியில் வீடுகள் மட்டும் மிஞ்சும். தண்ணீர் போக வழி இருக்காது, ஆம்புலன்ஸ் திரும்ப இடம் இருக்காது.

ஊருக்குள் நெருக்கிக் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. முந்திரித் தோப்பை அழித்துப் பரவுவதைவிட ஊருக்குள் கிடக்கும் வெற்றிடத்தில் வீடு வருவது எவ்வளவோ மேல். எந்த வெற்றிடம் என்பதுதான் கேள்வி. மாட்டுப் பொங்கலன்று குயிலாப்பாளையத்தில் மாடுகளை மாலை போட்டு, கொம்புக்கு வர்ணம் பூசி ஓட்டிவருவதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்களும் கூடுகிறார்கள். அந்த மாடுகள் வந்து நிற்கும் வெளி, வெளியூர் சர்வேயரின் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் இடம். ஊராரிடம் கேட்டிருந்தால் அதைத் தொடாதே என்பார்கள். வேறு இரண்டு இடத்தையும் கைகாட்டுவார்கள்.

கேட்டுச் செய்ய முடியுமா என்றால், முடியும். 2001 நிலநடுக்கத்தில் நொறுங்கிய குஜராத்தின் பூஜ் நகரத்தில், குறுகலான பழைய தெருக்களை அகலப்படுத்த மனைகளிலிருந்து கொஞ்சம் நிலம் எடுக்க வேண்டியிருந்தது. சிறிய மனைக்காரரிடம் குறைவாக, பெரிய மனைக்காரரிடம் கூடுதலாக எடுத்தார்கள். வரைபடத்தை மக்கள்முன் விரித்து, இதுதான் உங்கள் மனை, இவ்வளவு போகும் என்று காட்டி, ஆட்சேபங்களைக் கேட்டுத் திருத்தினார்கள். வீட்டையும் உறவையும் பறிகொடுத்த மக்களிடமே அப்படி உட்கார்ந்து பேச முடிந்ததென்றால், நம்மிடம் பேச என்ன தடை?

நமது 1971ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டமும் பெருந்திட்ட வரைவுக்கு ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு அவகாசம் தருகிறது. ஆனால் அறிவிப்பு அரசிதழில் வரும், நோட்டீஸ் அலுவலகச் சுவரில் இருக்கும். கொத்தனார் வேலைக்கும் விடுதி வேலைக்கும் விடிகாலையில் போகிற பெண்கள் அதை எப்போது படிப்பார்கள்? கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று எழுதிக்கொள்வது நியாயமில்லை. இரவு ஏழு மணிக்கு வையுங்கள். புலப்படத்தைப் பெரிதாக அச்சடித்து ரேஷன் கடை வாசலில் ஒட்டுங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு, நத்தம், பழைய வண்டிப்பாட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனி வண்ணம் இருக்கட்டும். வாடகைக்கு இருப்பவரையும் கூப்பிடுங்கள், அவர் பிள்ளையும் அதே தெருவில்தான் சைக்கிள் ஓட்டுகிறது. அப்புறம் எல்லோரும் ஒருமுறை ஊரைச் சுற்றி நடந்து வாருங்கள், முடிந்தால் மழை விட்ட மறுநாள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் அங்கே எழுந்து பேசலாம். அடுத்த சபையில் ஊரின் புலப்படத்தைக் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். தண்ணீர் போகும் வழியையும் மாடு நிற்கும் வெளியையும் அதில் குறித்து, ஊராட்சிக்கு ஒன்று, ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று, ஆரோவில் அறக்கட்டளைக்கு ஒன்று என்று நகல் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி வையுங்கள்.