மகர யாழின் பத்தொன்பது நரம்புகள்



ஆராய்ச்சியாளர் தாம் கண்டதைக் கற்றோர் அவைக்கும் உரைத்தல் வேண்டும். பொதுமக்களுக்கும் உரைத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் எளியது எது என வினவின், முன்னதே என்பேன். கற்றோர் அவையில் ஐயத்தை ஐயமாகவே வைக்கலாம். பொதுமக்கள் முன்னிலையிலோ, கடிகாரத்திற்கு அஞ்சி ஐயங்களையே முதலில் விட்டுவிடுகின்றோம்.

சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்' இதற்குத் தக்க சான்று. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த அடிகளார் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் துணைக்கொண்டு, சுருதிகளைக் கணித முறையால் ஆராய்ந்து, மறைந்த கருவிகளின் வடிவத்தை அவர் உய்த்துணர்ந்து வகுத்தார். நூல் கற்றோர்க்கும் கடினமானதே. இசையறிவும் கணித அறிவும் ஒருங்கே வேண்டுவது. எனினும், 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியபொழுது, அவர் வகுத்த முறைப்படி செய்யப்பெற்ற யாழ்கள் அவையில் மீட்டப்பெற்றன. கணக்கறியாதாரும் ஆராய்ச்சியின் பயனைச் செவியால் நுகர்ந்தனர். மறுமாதமே அடிகளார் மறைந்தார்.

இசைத்துக் காட்டியது மிக நன்று. ஆயினும் செவி எதனையும் எளிதில் நம்பிவிடும். "இஃது உய்த்துணர்ந்த வடிவம்" என்று நாவினால் உரைத்தாலன்றிக் கேட்போர் அதனை அறியார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்பது அவ்வுரையிற் காணும் செய்தி. இசை ஏழாதலின், மும்மடங்கு, இருமடங்கு, ஒருமடங்கு என விளக்கிவிடலாம், சிறுவரும் தலையசைப்பர். ஆனால் மகர யாழுக்கு 19 நரம்பு என்றும் அவ்வுரையே கூறுகின்றது. மேடையிற் பேசுவோர் பலர் இவ்விடத்தில் மகர யாழை மெல்ல நழுவ விடுவர்; கணக்கு அழகாக முடிந்துவிடும்!

அவ்வாறு விடுதல் தகாது. ஏழின் கணக்கை மட்டும் கேட்டவர் அதனை நம்புவார், அல்லது மறந்துவிடுவார். பத்தொன்பதையும் கேட்டவரோ, "ஏன்?" என வினவுவார். ஆராய்ச்சியிற் பொதுமக்களுக்கு உரிய பங்கு அவ்வினாவிலேதான் தொடங்குகின்றது. அதனைக் கூற வானொலியில் அரை நிமிடம் போதும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: ஏழு, மீண்டும் ஏழு, மூன்றாவது வரிசையில் ஐந்து. குறையும் இரண்டு நரம்புகள் யாவை, அவை குறைந்தது எதனால் என்று, உங்கள் ஊரில் இசை வல்லார் எவரேனும் இருப்பின், நாளைக் காலையிலேயே கேளுங்கள்.