குளத்துக்குத் தண்ணி வந்துருச்சு, அப்புறம்?

கோயம்புத்தூரில் இருந்து சேலம் போகும்போது கணியூர் டோல்கேட் தாண்டினதும் ஒரு ஊர் வரும், கருமத்தம்பட்டி. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிட்டே தாண்டிருவீங்க. நான் அந்த ஊர்க்காரன். தறிச் சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

எங்க அப்புச்சி ஊர் அவிநாசிப் பக்கம். அங்கே இருக்கிற குளத்தில் நான் தண்ணி பார்த்ததே இல்லை. லீவுக்குப் போனா அதுதான் எங்க கிரிக்கெட் கிரவுண்டு. கரையில் உட்கார்ந்துக்கிட்டு அப்புச்சி சொல்வார், "அத்திக்கடவுத் தண்ணி வரட்டும் கண்ணு, அப்ப பாரு." அறுபது வருஷத்துக்கும் மேலா இந்தப் பக்கம் கேட்டுட்டு இருந்த திட்டம் அது. 2024 ஆகஸ்ட் 17 அன்னைக்குத் தொடங்கி வெச்சாங்க. அப்புச்சி அதுக்கு முன்னாடியே போயிட்டார்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்க. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வர்ற உபரித் தண்ணி, வருஷத்துக்கு 1.5 டிஎம்சி. ஆறு நீரேற்று நிலையம் வழியா ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் போகணும். சராசரியாப் பிரிச்சா ஒரு குட்டைக்கு 4 கோடி லிட்டர் வரும். பெரிய விஷயம்தாங்க, நான் குறைச்சுச் சொல்லலை.

ஆனா போன மாசம் அந்தக் குளத்துக்குப் போயிருந்தேன். தண்ணி இருந்துச்சு. ஊர்ச் சாக்கடை வந்து சேர்ற மூலையில் மட்டும் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி ஆகாயத்தாமரை. கூட வந்த என் நண்பன், "சூப்பரா இருக்குடா"ன்னு போட்டோ எடுத்தான்.

அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் பயப்படணும். துணி துவைச்ச தண்ணி, கக்கூஸ் கழிவு, தோட்டத்து உரம் இது எல்லாத்திலும் பாஸ்பரஸ் இருக்கு. அது குளத்துக்குள்ளே போனா பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் விருந்து. அதுங்க செத்து அடியில் அழுகும்போது தண்ணியில் இருக்கிற ஆக்ஸிஜன் தீர்ந்து போகும், மீன் மிதக்கும். இதில் மோசமான பகுதி என்னன்னா, பாஸ்பரஸ் சேற்றிலேயே தங்கிக்கும். நாளைக்கே சாக்கடையை நிறுத்தினாலும், சேறு பழைய கடனைப் பல வருஷம் தண்ணிக்குத் திருப்பித் தந்துட்டே இருக்கும். மேலே நல்ல பவானித் தண்ணியை ஊத்தினா மட்டும் சரியாகாது.

நம்ம குட்டைக்குத்தானே இப்படின்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் ஈரி ஏரி, கடல் மாதிரி இருக்கும். 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, பாஸ்பரஸைக் குறைச்சு, அதைத் தேத்தினாங்க. அப்புறம் வயல் உரம் ஓடி வந்து மறுபடி படுத்துருச்சு. 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்தில் சுமார் 4 லட்சம் பேர் மூணு நாள் குழாய்த் தண்ணியைக் குடிக்க முடியலை. பாசி விஷம். காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்தியாகும்.

நம்ம பக்கமும் நல்ல சேதி ஒண்ணு இருக்கு. அத்திக்கடவு தொடங்குறதுக்கு மூணே நாள் முன்னாடி, ஆகஸ்ட் 14 அன்னைக்கு, திருப்பூர் நஞ்சராயன் குளத்தை ராம்சார் பட்டியலில் சேர்த்த அறிவிப்பு வந்துச்சு. பனியன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பறவைகள் சரணாலயம்! நொய்யலில் சாயத்தண்ணி ஓடினதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது சாதாரணச் சேதி இல்லை.

தூர் வாருறது நல்லதுதான். வட்டாட்சியர் அனுமதி வாங்கி விவசாயிகள் வண்டல் எடுத்துக்கலாம், சேற்றோட சேர்ந்து பாஸ்பரஸும் வயலுக்குப் போகும். ஆனா சாக்கடையைத் திருப்பாம தூர் மட்டும் வாரினா, அது பாத்திரத்தைக் கழுவிட்டு மறுபடி எச்சில் சோத்தைக் கொட்டுற கதைதான்.

இதெல்லாம் படிச்சிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு வாஷிங் மெஷின் தண்ணி எங்கே போகுதுன்னு பின்னாடியே நடந்து பார்த்தேன். தெருச் சாக்கடை, அங்கிருந்து பெரிய வாய்க்கால், அங்கிருந்து குட்டை. இருபத்தஞ்சு வருஷமா எங்க வீட்டுச் சோப்புத் தண்ணி அங்கேதான் போயிருக்கு. அப்பாகிட்ட உறிஞ்சு குழி தோண்டலாம்னு சொன்னேன். "தோண்டலாம். ஆனா வண்டி நிறுத்துற எடம்தான் இருக்கு"ன்னார். ரெண்டு வாரமாப் பேச்சு நடக்குது. வண்டியை வெளியே நிறுத்த அம்மா ஒத்துக்கிட்டாங்க, அப்பா இன்னும் ஒத்துக்கலை.